காற்று என்ற சொல்லுக்கு விடுமுறை

புன்டா அரேனாஸ். நீரிணை பார்த்த பள்ளிக்கூடம்.
ஐந்தாம் வகுப்பு, புதன்கிழமை, மூன்றாம் பாடவேளை.
பதினோரு நோட்டுகளைத் திறந்தேன்.
பதினொன்றிலும் முதல் வரி ஒன்றுதான்:
"காற்று பலமாக வீசியது."

பலமாக என்றால் எவ்வளவு?
ரொம்ப, என்றார்கள் ஒரே குரலில்.
ரொம்ப என்றால்?
ரொம்ப ரொம்ப.
ஹீட்டர் மேல் காயப்போட்ட கையுறைகளிலிருந்து
ஈரக் கம்பளி வாடை எழுந்து
எல்லோர் மூக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது.
அதை ஒருவர்கூட எழுதவில்லை.

பலகையில் 'காற்று' என்று எழுதி
குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.
இந்தச் சொல்லுக்கு இன்று விடுமுறை.
அது இல்லாமல் அதைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.
"புயல்?" மிலாராய் கை தூக்கினாள்.
கூடாது.
"சூறாவளி?"
அது இதற்கு அண்ணன். அண்ணனும் கூடாது.
வகுப்பே பெருமூச்சு விட்டது.
"டீச்சர், இப்ப விட்டதும் அதுதானே"
என்றான் பின்வரிசையில் எவனோ.

பிறகு பென்சில் சத்தம்.

யெர்கோ எழுதினான்:
"பெட்டிக்கடை நாயின் காது புரண்டுவிட்டது.
உள்ளே இளஞ்சிவப்பு. அதற்கே தெரியாது."

மிலாராய்:
"தங்கையை முன்னால் நடக்கச் சொல்லிக் கூப்பிட்டேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.
பின்னால் வந்த தபால்காரர்
'என்ன?' என்றார்."

அனிசெத்தோ கலாஃபாத்தே பழம் தின்ற வாயைத்
தெருவில் திறந்திருக்கிறான்;
மூடுவதற்குள் ஊதா நிறம்
நாக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டதாம்.

ஒலாயா:
"நடைபாதைக் கயிற்றை அம்மா இரண்டு கையாலும் பிடித்தாள்.
அதனால் ரொட்டியை விட்டுவிட்டாள்.
ரொட்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது."

என் கையில் அலுவலகம் தந்த அட்டவணை:
கண் காது மூக்கு நாக்கு தோல்.
கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண்.

டான்கோவின் நோட்டில் மூன்றே வரி.
"அப்பா தோளால் இடித்துச் சாத்துவார்.
இப்போது அம்மாவும் நானும் சாத்துகிறோம்.
தாழ்ப்பாள் மட்டும் அதே சத்தம்."

அட்டவணைப்படி, காதுக்கு இரண்டு.
மூக்கு எங்கே என்று கேட்க வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
கூரையில் ஒரு தகரம்
ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
அவனும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.
கடைசியில், கேட்கத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்:
"கதவு எந்தப் பக்கம் திறக்கும், டான்கோ?"
உள்ளங்கையை மேசைமேல் நிறுத்தி
இப்படியும் அப்படியும் திறந்து பார்த்தான்.
"உள்பக்கம்."
நான்காவது வரியாக அதையும் எழுதினான்.
பிறகு பென்சிலைச் சீவினான்,
ஏற்கெனவே கூராக இருந்ததை.

வெள்ளிக்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒலாயா விரித்த நோட்டோடு வந்து நின்றாள்.
"டீச்சர், 'மிக நன்று' என்று போட்டிருக்கிறீர்கள்."
ஆமாம்.
"மிக என்றால் எவ்வளவு?"

வகுப்பு மேசைகளைத் தட்டிச் சிரித்தது.
என் காது மடல் சுட்டது;
இதையாவது எழுதியிருக்கலாம்.
'மிக நன்று' மீது கோடு போட்டு, கீழே எழுதினேன்:
"இதைப் பேருந்தில் படித்தேன்.
ரொட்டி வீட்டைத் தாண்டிய இடத்தில்
பிடிக்க எழுந்துவிட்டேன்."

உதடு அசையப் படித்தாள்.
"பொய்தானே?"
பாதி.
"எந்தப் பாதி?"

அவளுக்குப் பின்னால் அதற்குள் ஒன்பது பேர்
நோட்டை விரித்துப் பிடித்தபடி
வரிசையில் நின்றார்கள்,
எல்லோருக்கும் நன்று போட்டிருந்தேன்.
டான்கோ மட்டும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.
அவன் நோட்டு இன்னும் என் பையில்.
நான்காவது வரிக்குக் கீழே
புதன்கிழமையிலிருந்து
சிவப்புப் பேனாவின் ஒரு புள்ளி.